மாதம் ஒரு கிலோ

"அட்டை எங்கப்பா?" என்று ஆஸ்பத்திரி கிளார்க் மூன்றாவது முறை கேட்டபோதுதான் அவன் அதைச் சட்டைப் பையிலிருந்து உருவினான். தங்கையின் கர்ப்பகால அட்டை. அவள் பெற்ற பெண் குழந்தை இரண்டு நாள் இருந்துவிட்டு இன்று காலை போய்விட்டது. பிறந்தபோது ஒரு கிலோ முந்நூறு கிராம்.

கிளார்க் அட்டையைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார். "தாயோட எடை நல்லாத்தான ஏறியிருக்கு. மாசம் ஒரு கிலோ. அப்புறம் ஏன் கொழந்தை இத்தனூண்டு?"

மாப்பிள்ளையின் அக்கா இதற்காகவே காத்திருந்தவள் போல் ஆரம்பித்தாள். "நான் வாயத் தொறந்தா பொல்லாப்பு. தின்னதெல்லாம் தன் ஒடம்புல ஏத்திக்கிட்டா. புள்ளைக்கு என்ன போச்சு?"

பெஞ்சில் இருந்த தங்கை தரையைப் பார்த்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, துணியில் சுற்றிய குழந்தையை ஏந்திக்கொண்டு வாயை மூடியிருந்தான். 'சும்மா இரு, அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதுதான் அண்ணன்காரனுக்கு எரிந்தது.

தின்றாளாம். துணிக் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றபடி இஸ்திரி போட்டவள். ஏழாம் மாதத்தில் அவள் விரலிலிருந்து மோதிரம் தானாகக் கழன்று விழுந்ததை அவனே பார்த்தான்.

அட்டையைத் திரும்ப வாங்கினான். நாற்பத்துநான்கு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. உடம்பு இப்படி ஏறாது. பேனாதான் இப்படி ஏறும்.

"உன்னை எடை மிஷின்ல நிக்க வெச்சாங்களா?"

"மிஷின் ஓடலண்ணா. போன தடவை எவ்ளோன்னு பாத்து அவங்களே போட்டுக்குவாங்க. ரத்த மாத்திரை கேட்டா, அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வா..."

கர்ப்பிணிகளைப் பார்க்கும் இடம் அதே கட்டடத்தில்தான், தாழ்வாரத்தின் மறுகோடியில். எடை மிஷின்மேல் ஃபைல்கள் குவிந்து கிடந்தன. அவன் வரிசையைத் தாண்டி நர்ஸின் மேசைமேல் அட்டையை வைத்தான்.

"மிஷின் கெட்டிருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சிஸ்டர். என் தங்கச்சிய எல்லாரும் கொல்றாங்க."

நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆறு மாசமா புது மிஷின் கேட்டு எழுதறேன். எண்பது பேருக்கு நான் ஒருத்தி. கட்டம் காலியா இருந்தா மேல இருக்கறவங்க என்னைத்தான் கிழிப்பாங்க. எழுதிக் குடுத்தா நாளைக்கு நான் வீட்ல. நீங்க வேலை பாக்கற எடத்துல எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் எழுதறீங்களா?"



மீன் குளிர்கிடங்கில் அவனுக்கு வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறையின் குளிரைப் பார்த்து எழுத வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போதே எல்லாக் கட்டத்திலும் மைனஸ் பதினெட்டு போட்டுவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விடுவான். நான்கு வருஷமாக.

அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"எழுதிக் குடுத்தாங்களா?" என்றாள் அக்கா.

"இல்ல." அவன் மாப்பிள்ளையிடம் போய் நின்றான். "மாப்ள, இந்த அட்டை பொய். மிஷினைப் பாக்காமலே எழுதினது."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

"நானும் கிடங்குல தெனமும் இப்படித்தான் எழுதறேன்."

"நல்லா இருக்குடா," என்றாள் அக்கா. "திருடனுக்குத் திருடன் சாட்சி."

தங்கை முதல்முறையாக நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை எழுந்தான். குழந்தையோடு தாழ்வாரத்தில் நடந்து, மிஷின்மேலிருந்த ஃபைல்களைக் காலாலேயே கீழே தள்ளினான். வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள். மிஷின்மேல் ஏறி நின்றான்.

முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

குழந்தையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து இன்னொரு முறை பார்த்தான்.

"அடுத்து," என்றாள் நர்ஸ், தலையைத் தூக்காமல்.