ஒரு கேலனுக்கு எத்தனை லிட்டர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் திருவண்ணாமலையில் ஒரு சின்னத் தபாலாபீஸின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். எந்தத் தபாலாபீஸ் என்று சொல்லமாட்டேன். அந்தக் கட்டடமே இப்போது இல்லை. அங்கே மாதாமாதம் ஒரு மனிதர் வந்து ஒரே ஒரு ஏரோகிராம் வாங்குவார். மடித்து ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவோமே, அந்த நீலத் தாள். ஐந்து வருஷம் வாங்கினார். ஒன்றைக்கூட அவர் தபாலில் போட்டு நான் பார்க்கவில்லை.

அவர் பெயர் மொய்னுதீன். [நிஜப் பெயர் இது இல்லை. நிஜப் பெயர் இதைவிட அழகானது.]

ஒருவர் கடிதத்தாள் வாங்கிக்கொண்டே இருக்கிறார், எழுதி அனுப்புவதில்லை என்றால் அதற்குள் கதை இருக்கிறது என்று எந்த மடையனுக்கும் தெரியும். ஆனால் அது விமானத்தைப் பற்றிய கதை என்று யார் எதிர்பார்ப்பார்கள்? விமானம் இறங்க இடமே இல்லாத ஊரில், விமானம் வாங்குவதைப் பற்றி.

2

முதல் தொடக்கம்: "மொய்னுதீன் சன்னல் வழியே மலையைப்

அடித்துவிட்டேன். இந்த ஊரை எவன் எழுதினாலும் இரண்டாவது வரிக்குள் யாரையாவது மலையைப் பார்க்க வைத்துவிடுகிறான். ஊர்க்காரர்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

இரண்டாவது தொடக்கம்: "விசிறி வைத்த விமானத்துக்கும் ஜெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று 1982 பிப்ரவரி வரைக்கும் மொய்னுதீனுக்குத் தெரியாது. தெரியாததால் ஒரு குறையும் இருக்கவில்லை." இது பரவாயில்லை. இதிலேயே போகலாம்.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். ஆறு மெஷின். காலையில் ஒன்பது மணி வரைக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேலேயும் மாணவர்கள் வந்து தடதடவென்று தட்டுவார்கள். நடுவில் ஏழு மணி நேரம் ஒரு ஈ காக்கை வராது. மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். நசீம் பானு என்ற பெண் இரண்டு வருஷம் அவருக்கு மனைவியாக இருந்தாள். வாணியம்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கே தெரியாதா என்றால், தெரியாது.

அந்த ஏழு மணி நேரத்துக்குள்தான் ஒருநாள் வால்டர் படியேறி வந்தார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஜெர்மன்காரர். ஐம்பதைத் தாண்டியவர். வேட்டி கட்டி அதற்கு மேல் பெல்ட் போட்டிருந்தார். ஜெர்மனியில் அவரும் தங்கை கெர்டாவும் ஒரு சின்ன விமானக் கம்பெனி நடத்தினார்கள். நாலைந்து பேரை அவசரத்துக்கு வாடகைக்கு ஏற்றிப் போகிற தொழில். இருந்த ஒரு விமானம் ஓய்ந்துவிட்டது. புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் கம்பெனி போய்விடும். கெர்டா ஜெட் என்றாள். வால்டருக்கு வேறொன்றில் ஆசை. மனது தெளியட்டும் என்று இங்கே வந்தவர், கூடவே ஒரு பெட்டி நிறைய விலைப்பட்டியலும் கொண்டுவந்திருந்தார்.

"கண்ண மூடி ஒக்காந்தா சாமி தெரியல. எஞ்சின் ஓவர்ஹால் செலவுதான் தெரியுது" என்றார் வால்டர்.

[இருவரும் பேசியது இங்கிலீஷ்தான். நான் நம்மூர்ப் பேச்சில் தருகிறேன். ஜெர்மன்காரர் எப்படி இப்படிப் பேசுவார் என்று சண்டைக்கு வராதீர்கள்.]

3

வால்டர் ஆசைப்பட்டது ஒரு டர்போப்ராப். உள்ளே இருப்பது ஜெட் எஞ்சின்தான், ஆனால் அது விசிறியைச் சுழற்றி விமானத்தை இழுக்கும். அந்த ரகத்தில் உலகம் முழுக்கச் சேர்த்தாலே சில நூறுதான் ஓடிக்கொண்டிருந்தன. விலை கம்மி, எண்ணெய் கம்மி, குட்டை ஓடுபாதையிலும் இறங்கும். ஆனால் ஒரு திருகாணி போனாலும் அது ஒரே இடத்திலிருந்து வரவேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பிற்பாடு விற்கப்போனால் வாங்க ஆள் கிடைக்காது. சின்ன ஜெட்டோ எல்லாவற்றிலும் ஜாஸ்தி: விலையும் ஜாஸ்தி, குடியும் ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி. அதற்கு எந்த ஊரிலும் மெக்கானிக் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விற்கலாம்.

கெர்டாவிடம் காட்டுவதற்காக இதையெல்லாம் இரண்டு பத்தியாகப் பிரித்து, அட்டவணையாக மொய்னுதீன் டைப் அடித்தார். இன்ஷூரன்ஸ், ஷெட் வாடகை, பைலட் சம்பளம், எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற செலவு. மூன்றாம் நாள் வால்டர் கேட்டார்:

"நீங்க என்ன சொல்றீங்க, மொய்னுதீன்?"

அவருடைய விரல்கள் நின்றுவிட்டன. அவரிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்டு வருஷக்கணக்காயிற்று. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அந்த ஓரத்துல இருக்குதே ஆறாவது மெஷின், அது வேற கம்பெனி. ரிப்பேரானா மெட்ராஸ்ல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரு போய்ட்டாருன்னா மெஷினும் போச்சு."

"அப்புறம் ஏன் வெச்சிருக்கீங்க?"

"கை அதுலதான் நல்லா ஓடுது."

வால்டர் வெகுநேரம் சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் உட்கார ஆறாவது மெஷினின் நாற்காலி என்று ஆகிவிட்டது. பத்து நாள் இப்படிப் போனது. பதினொரு மணி ஆனால் மொய்னுதீன் படிப்பக்கம் காது வைத்துக் காத்திருந்தார்.

கடைசியில் எண்ணெய்க் கணக்கு. விலைப்பட்டியல் அமெரிக்காவில் அச்சடித்தது. ஜெட் மணிக்கு நூற்றெழுபது கேலன், விசிறி தொண்ணூறு கேலன் என்று போட்டிருந்தது. "லிட்டர்ல மாத்திக் குடுத்துடுங்க" என்று வால்டர் விட்டுவிட்டுப் போனார். மொய்னுதீன் நாலரையால் பெருக்கினார். நம்மையெல்லாம் ஆண்ட வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன கேலனுக்கு நாலரை லிட்டர். அமெரிக்காக்காரனின் கேலன் அதைவிடச் சின்னது, நாலுக்கும் கீழே. அது இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

[அவருக்கு நாலரை என்று சொன்னது யார்? இந்தக் கேள்வியை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வருவேன்.]

கூட்டிப் பார்த்தபோது வருஷத்துக்கு ஒன்பதாயிரம் ஜெர்மன் மார்க் வித்தியாசத்தில் விசிறி ஜெயித்தது. வால்டர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

எழுதினார். 1983இல் முதல் கடிதம். உள்ளே விமானத்தின் போட்டோ. "உங்கள் அட்டவணையைக் கெர்டாவின் முன்னால் வைத்தேன். ஒன்பதாயிரம் என்றதும் அவள் ஒத்துக்கொண்டாள். வாங்கிவிட்டோம். இன்னொரு சந்தோஷமான செய்தி: நீங்கள் போட்டதைவிட இது கம்மியாகவே குடிக்கிறது!"

அந்த வரியை மொய்னுதீன் பெருமையாகத்தான் படித்தார். மத்தியானம் அது உறுத்த ஆரம்பித்தது. ஏன் கம்மியாகக் குடிக்கவேண்டும்? ஒரு எழுத்து தப்பினால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்கிற வாத்தியார் அவர். நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த அகராதியின் கடைசிப் பக்கங்களில் அளவைகளைத் தேடினார். இருந்தது. அமெரிக்க கேலன், மூன்று புள்ளி ஏழு எட்டு ஐந்து.

கார்பன் காப்பியை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் போட்டார். விசிறிக்கு மட்டுமா குடி குறைந்தது, ஜெட்டுக்கும்தான். நிறையக் குடிப்பதனால் ஜெட்டுக்குத்தான் நிறையக் குறைந்தது. நாலாயிரத்துச் சொச்சம் மார்க்கில் ஜெட் ஜெயித்தது. கெர்டா சொன்னதே சரி.

அன்றைக்குத்தான் முதல் ஏரோகிராம் வாங்கினார்.

"அன்புள்ள வால்டர், உங்களிடம் ஒரு விஷயம்

"அன்புள்ள வால்டர், நலமா? அட்டவணையில் நான்

"அன்புள்ள வால்டர், நீங்கள் என்மேல் வைத்த

ஒன்றும் ஓடவில்லை. மின்சார பில்லைத் தவிர அவர் பெயருக்கு வந்த ஒரே தபால் வால்டருடையது. உண்மையை எழுதினால் அது நின்றுபோகும். எழுதாமலிருந்தால், பொய்யான கணக்குக்காக வருகிற அன்பு அது. வேறு ஏதாவது எழுதலாமே என்றால், இதை மறைத்துக்கொண்டு நலம் விசாரிக்க அவருக்கு வரவில்லை. ஆகவே ஒன்றுமே எழுதவில்லை.

வால்டர் பதிலில்லாமலேயே எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பாகத்துக்காக ஏழு வாரம் விமானம் தரையில் நின்றது. விஷயம் தெரிந்த மெக்கானிக் வேலையை விட்டுப் போனார். 1987 கடிதம் இப்படி முடிந்தது: "கெர்டா தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. இப்போது நானும் விமானமும்தான். நீங்கள் பதில் போடாததை நான் தவறாக நினைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள், மொய்னுதீன். கணக்குப்படி நாம் சரிதானே?"

5

இங்கே வந்து என் பேனா நின்று மூன்று மாதம் ஆகிறது. எழுதிப் பார்த்த முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

(அ) வால்டர் திரும்பி வருகிறார். இருவரும் கிரிவலம் போகிறார்கள். நடுவழியில் மொய்னுதீன் சொல்லிவிடுகிறார், வால்டர் சிரித்துக்கொண்டே

வேண்டாம். யாரோ மத்தியானக் காட்சிக்கு எடுத்த படம் மாதிரி இருக்கிறது.

(ஆ) மொய்னுதீன் கெர்டாவுக்கு எழுதுகிறார். முகவரி? அவரிடம் ஏது?

(இ) மொய்னுதீன் என்று ஒருவரே இல்லை. எல்லாம் என் கற்பனை.

மூன்றாவதை எழுதிவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் விட்டுவைத்த கேள்விக்கு வருகிறேன்.

6

1982 பிப்ரவரியில் ஒருநாள், கவுன்ட்டரில் நல்ல கூட்டம். தபால்தலை வாங்க வந்தவர் கேட்டார்.

"சார், ஒரு கேலனுக்கு எத்தினி லிட்டர்?"

"நாலரை, பாய்."

"கரீட்டா தெரியுமா?"

"கண்ண மூடிக்கினு போடுங்க."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த ஊரில் நாலு இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. என்னைப் படித்தவன் என்று நம்பித்தான் கேட்டார்.

பிற்பாடு ஐந்து வருஷம் என்னிடமே வந்து ஏரோகிராம் வாங்கினார். ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. 1988இல், மழை பெய்த ஒரு மத்தியானம், ஒட்டி முகவரி எழுதிய நீலத் தாளை நீட்டினார்.

"பொட்டில போட மனசு வரல, சார். நீங்களே சீல் குத்தி அனுப்பிச்சிடுங்க."

"சரிங்க, பாய்."

படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதுல உங்க பேர எழுதல, சார்."

அவர் போன பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று உங்களில் ஒருவராவது இதற்குள் கேட்டிருக்கவேண்டும். ஆமாம், பிரித்தேன். ஏழு மணி நேரமும், ஆறாவது மெஷினும், வால்டர் எழுதியதும், சரியான கணக்கும் எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: "தவறு முழுக்க என்னுடையது."

மறுபடி ஒட்டினேன். முத்திரையை மையில் தொட்டு எடுத்தேன். அனுப்பினால் பாய்க்கு வருகிற ஒரே தபாலும் நின்றுவிடும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதாக இப்போது எழுத எனக்கு வசதியாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து அவருக்கு எதுவும் வரவில்லை. கடிதம் கிடைத்ததாலா, பதிலே வராமல் வால்டர் அலுத்துப்போனதாலா? எனக்கு மாற்றலாகும் வரை மொய்னுதீன் வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஏரோகிராம் வாங்குவதில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்.

"நமக்கு ஏதாச்சும் வந்திருக்குதா, சார்?"

"இல்லீங்க, பாய்."

"சரி சார். வந்தா எடுத்து வைங்க."

முத்திரை தாளின் மேல் விழுந்ததா, திரும்ப மைப்பெட்டிக்குள் போனதா? அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.