கடை கொடுத்த கப்

கீழராஜ வீதியில் இருந்த அந்த ஜவுளிக்கடையில் பெண்களுக்கான கழிவறை மூன்றாம் மாடியில், குடோனுக்குப் பின்னால் இருந்தது. அதன் சாவி மேனேஜர் வெற்றிசெல்வனின் மேசை டிராயரில் கிடக்கும். போகிறவர்கள் அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "இப்பத்தானம்மா போயிட்டு வந்தே?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டுத்தான் தருவார்.

சேலைப் பிரிவில் நிற்கும் ரிஃபானா கீரனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கணவன் சவூதியில் டிரைவர். டேட் வந்த நாட்களில் காலையில் வைத்த நாப்கினை மாற்ற வழியில்லாமல் கடை அடைக்கும்வரை நின்று நின்று, தொடையிடுக்கில் புண் வந்துவிட்டது. பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைக்கிற சிலிகான் கப்பை வைத்துப் பார்க்கிறாயா என்று கேட்டார்.

"உள்ள போயி மாட்டிக்கிட்டா என்ன பண்றது, டாக்டர்?"

"எங்கயும் போகாது. அதுக்கு மேல அது போக வழியில்ல. கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடு. மாசா மாசம் வைக்கிறதுக்கு முன்னாடியும் முடிஞ்சப்புறமும் கொதிக்க வை. பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்காத. எடுக்குறப்ப அடியக் கிள்ளி காத்து விட்டு எடு, சும்மா இழுக்கக் கூடாது. காப்பர் டி போட்டிருக்கியா?"

"இல்ல டாக்டர். அவுகதான் ஊர்லயே இல்லையே."

"போட்டிருந்தா எங்கிட்ட காட்டாம வைக்கக் கூடாது. இழுக்குறப்ப அதுவும் சேந்து எறங்கிரலாம். அதான் கேட்டேன்."

முதல் மாதம் வைக்கத் தெரியாமல் அழுதாள். அடுத்தடுத்த மாதங்களில் பழகியது. புண் ஆறியது. அந்த நிம்மதியை, பக்கத்தில் நிற்கும் பிரகதாம்பாளிடம் மட்டும் சொன்னாள். பிரகதாம்பாள் குளத்தூர்க்காரி, இரண்டு பெண்களுக்குத் தாய். "ஐயே, எனக்கெல்லாம் வேணாம் புள்ள" என்று சிரித்தாள். எப்படியோ பேச்சு மற்றப் பெண்களுக்கும் பரவிவிட்டது.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் கழிவறை அடைத்துக்கொண்டது. குப்பைக்கூடை இல்லாததால் யாரோ நாப்கினை உள்ளேயே போட்டிருந்தார்கள். தண்ணீர் குடோனுக்குள் வழிந்து சேலை மூட்டைகள் நனைந்தன. மறுநாள் கடை திறப்பதற்கு முன் வெற்றிசெல்வன் எல்லோரையும் நிற்கவைத்தார். குப்பைக்கூடை வாங்கியிருப்பார் என்றுதான் பெண்கள் நினைத்தார்கள். அவர் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்.

"இனிமே கடைக்குள்ள நாப்கின் கூடாது. நம்ம ரிஃபானா வைக்குதுல்ல, அதே கப்பு. மொதலாளி எல்லாருக்கும் ஃப்ரீயா வாங்கிக் குடுத்திருக்காரு. பன்னெண்டு மணி நேரம் தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. அதனால பாத்ரூம மத்தியானம் ஒரு தடவ தெறந்தா போதும்."

தன் பெயர் அப்படி ஒரு காரியத்துக்காக ஆண்கள் நடுவில் சொல்லப்பட்டதில் ரிஃபானாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பேசினாள்.

"சார், எல்லாருக்கும் ஒத்துக்கும்னு சொல்ல முடியாது. டாக்டர்ட்ட கேக்காம வைக்கக் கூடாது. காப்பர் டி போட்டிருக்கிறவங்க..."

"சரி, காப்பர் டி போட்டவங்க யாரு? கையத் தூக்குங்க."

பில்லிங்கில் நின்ற பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு கையும் உயரவில்லை.

மதியம் சாப்பிடும்போது பிரகதாம்பாள் மெல்லச் சொன்னாள். "நான் போட்டிருக்கேன் புள்ள. சின்னவ பொறந்தப்ப போட்டது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. பையன் வேணும்னு நிக்கிறாங்க. எங் கொழுந்தன் பில்லிங்ல நிக்கிறான். அவன் முன்னாடி கையத் தூக்கச் சொல்றியா?"

"அப்ப இத வைக்காதீங்கக்கா. நாப்கினயே ஒளிச்சு எடுத்துட்டு வாங்க."

"எடுத்துட்டு வந்து எங்கிட்டுப் போயி மாத்துறது?"

"ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டாவது வைங்க. நான் கூட வாரேன்."

இரண்டு முறை லீவு கேட்டாள் பிரகதாம்பாள். தள்ளுபடி முடியட்டும் என்றார் வெற்றிசெல்வன். அதற்குள் டேட் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வைத்தாள். டப்பாவுக்குள் இருந்த தாள் முழுக்க ஆங்கிலம். மத்தியானம் கடைக் கழிவறையில், ரிஃபானா சொல்லிக் கொடுத்தபடி கிள்ளி எடுக்கத்தான் பார்த்தாள். ஆனால் கைக்குப் பிடிபடாமல், வெளியே அடுத்தவள் கதவைத் தட்ட, இழுத்துவிட்டாள்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கியபோது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. சம்பளம் போனாலும் போகட்டும் என்று ரிஃபானா அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேனில் கர்ப்பம் தெரிந்தது. காப்பர் டி எங்கேயும் இல்லை.

"கப்பாலதான் எறங்குச்சா, தானா எறங்குச்சான்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டும் நடக்கும்" என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லியிருப்பேன். இப்ப ஒனக்கு வேணாம்னா அதுக்கும் வழியிருக்கு. முடிவு ஒன்னோடதுதான்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க டாக்டர்" என்றாள் பிரகதாம்பாள்.

அந்த இரண்டு நாள்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் வாந்தி எடுப்பதை மாமியார் பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போய்விட்டது.

ரிஃபானா மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "பாத்ரூம் சாவிய வெளிய மாட்டி வைங்க சார். ஒரு குப்பக்கூடையும் வாங்கிப் போடுங்க. வேணுங்கிறவங்க கப்பு வச்சுக்கட்டும், மத்தவங்க நாப்கின் வச்சுக்கட்டும்."

"ஒனக்கு ஒத்துக்கிச்சுல்ல? ஒன்னப் பாத்துத்தானம்மா வாங்குனதே. வேற யாராச்சும் கேட்டாங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் கவுண்டருக்குத் திரும்பினார்கள்.

அந்த வாரக் கடைசியில் பிரகதாம்பாளின் கணவன் மலையாண்டி லட்டு டப்பாவோடு கடைக்கு வந்தான். "இந்தத் தடவ பையன்தான் சார்" என்று வெற்றிசெல்வனிடம் நீட்டினான்.

அவர் எடுத்துக் கடித்தார். "ரொம்ப சந்தோஷம். ஆனா வயித்தத் தள்ளிக்கிட்டு கவுண்டர்ல நிக்க முடியாதே. வேலைய விட்டு எப்ப நின்னுக்குது?"

"இதுல என்ன சார் இருக்கு? இந்த மாசத்தோட நின்னுக்கட்டும்."

ஐந்தடி தள்ளி நின்ற பிரகதாம்பாளை இரண்டு பேரும் கேட்கவில்லை. ரிஃபானாவிடமும் டப்பா வந்தது. ஒரு லட்டை எடுத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"சாப்புடு புள்ள" என்றாள் பிரகதாம்பாள், உதடு அதிகம் அசையாமல். "எங்க வீட்டுக்காரரு பாக்குறாரு."

ரிஃபானா வாயில் போட்டுக்கொண்டாள். பிரகதாம்பாள் குனிந்து, பார்க்க வந்தவர்கள் கலைத்துப் போட்டிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.