ழ வரும் இடம்

...வலி என்றே சொல்லிவிட்டுப் போனால்தான் என்ன, ஒரே ஓர் எழுத்து, அதற்காக யாராவது ஒரு பாட்டையே விடுவார்களா, இத்தனை வருஷம் பாடி யார் கேட்டார்கள், விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதிப்பேர் சவுண்டின் நண்பர்கள்... இப்போதுதான் ஒரு பாட்டுக் கம்பெனி தானாகப் போன் போட்டு மேடம் என்கிறது, மேடமாம், லாட்ஜில் அழுக்குப் போர்வை பிரிக்கிறவளைப் போய். அவள் மைக்கின் முன்னால் நின்றாள். சலவை அறையை ஒட்டிய இந்தத் துணிக் கிடங்குதான் அவர்களுடைய ஸ்டூடியோ, சுவர் முழுக்கக் கூரைவரை விரிப்பும் துண்டும் அடுக்கியிருப்பதால் எதிரொலி வராது, சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நிற்கும். மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரங்களை நிறுத்தும் நேரம் மட்டும் இது அவர்களுக்குச் சொந்தம். கவிழ்த்த கூடையின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சவுண்டு உட்கார்ந்திருந்தான், லாட்ஜின் எலக்ட்ரீஷியன், அவள் பாட்டுக்கெல்லாம் பீட் போடுகிறவன், பெற்றவள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். ஒரே வரி, அதைத் திரும்பப் பாடி சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டால் பாட்டு உலகத்துக்கே போகும். போகட்டுமே. யார் தடுத்தார்கள்?

பூட்டு வெளியே தொங்குது, உள்ளே ஒரு வழி இருக்கு. அவள் எழுதியது அதுதான், வழி. ஆனால் அவள் நாக்குக்கு ழ வராது, பிறந்ததிலிருந்தே வராது, எவ்வளவு மடக்கினாலும் ல-வாகத்தான் விழும். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் எழுப்பி நிற்கவைத்து, சொல்லு, நாக்க மேல மடிச்சு சொல்லு, என்று சொல்லச் சொல்ல வகுப்பே உருண்டு சிரித்தது, அன்றைக்கு மூடிய வாய்தான், ஊமச்சி என்று பெயர் வந்தது, பிறகு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிட்டாள்... அந்தப் பெயரையே போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுகிறாள். மேடை என்ன மேடை, கார் நிறுத்துமிடம், பூட்டிய கடைகளின் படிக்கட்டு, ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவனுடைய பிறந்தநாளுக்கு மொட்டைமாடி. ஆரம்பத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே பாடினாள், அதை ஸ்டைல் என்றார்கள், பயம் என்று சவுண்டுக்கு மட்டும் தெரியும். அப்படி முதுகுக்குப் பின்னால்தான் கூட்டம் பாடி முதன்முதலாகக் கேட்டாள், உள்ளே ஒரு... என்று மூச்சு வாங்க அவள் விட்ட இடத்தில் கூட்டம் முழுத் தொண்டையில் வலி என்று கத்தியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்லக் கூடாது, சிலிர்க்கத்தான் செய்தது, தப்பாகக் கேட்டிருக்கிறார்களே என்ற நினைப்பு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் வந்தது. அப்புறம் எங்கே பாடினாலும் வலி, வலி, ஒரு பையன் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டினான், வலி இருக்கு என்று, எழுத்துப் பிழை இல்லாமல். அவனிடம் போய் என்ன சொல்வது? சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கோ தம்பி என்றா?

"கேக்கறவங்க எப்படிப் பாடறாங்களோ, அதுதான் மேடம் வரி," என்றார் கம்பெனிக்காரர் போனில், குழைவாகத்தான் பேசினார். "வலின்னு நறுக்குன்னு விழணும். நீங்க சொல்றதுல ஏதோ ஒரு தயக்கம் இருக்கு, அத மட்டும் எடுத்துடுங்க." வழி என்பதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் அவளுக்கு என்ன மிச்சம்? யாருக்காக எழுதியது அது... அக்கா கையில் ஒரு பையோடு வந்து இவளுடைய ஒற்றை அறையில் தங்கிய அந்தச் சில நாள்களில் எழுதியது. மாமா வேலைக்குப் போகும்போது அக்காவை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார், கேட்டால் ஊர் கெட்டுக் கிடக்கு என்பார், அதெல்லாம் அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை, இவள்தான் ஒருநாள் போய்ப் பூட்டைப் பார்த்தாள், பூட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, நல்லாத்தான்டி இருக்கேன், நீ போ, வெயில்ல நிக்காத, என்றாள். திரும்பிப் போகாதே என்று அக்காவிடம் நேரே சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை, சின்னவள் சொல்லலாமா, சொன்னாலும் கேட்பாளா, அதனால் பாட்டாக எழுதினாள், எழுதி இதே கிடங்கில் பாடி, ஹெட்போனை அக்கா காதில் மாட்டினாள். அக்கா கேட்டாள், அழுதாள், இவளை இழுத்து அணைத்து, என் வலிய அப்படியே பாடிட்டியேடி, என்றாள். மறுநாள் காலையில் பையை எடுத்தாள். "எல்லார்க்கும் இருக்கறதுதான். நீயே பாடிட்டியே." ஐயோ அக்கா, அது இல்லை என்று சொல்லியிருக்கலாம், பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாளே, வாயைத் திறந்திருக்கலாமே... ஊருக்கே கத்துகிற வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. இந்த நாக்குதான் அக்காவைத் திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து அந்த வரி வரும்போதெல்லாம் அவளுக்கு அந்த நினைப்புதான், ஓர் எழுத்து சரியாக விழுந்திருந்தால் அக்கா இந்நேரம் இங்கே இருப்பாள்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது, சலவைப் பகுதி சூப்பர்வைசர் அம்மாள். "உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? மாடிக்குத் துண்டு யாரு, உங்கப்பனா கொண்டுபோவான்?"

"பாட்டு எடுக்கறோம்கா, அஞ்சே நிமிஷம்," என்றான் சவுண்டு.

"பாட்டா? வீட்டுக்காரன் வாடகை கேட்டுக் கத்தற மாதிரி இருக்கு, அதுக்குப் பேரு பாட்டா?"

"உங்க பேரையும் ஒரு வரியில சேத்துடறேன்கா."

"வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிடும்," என்று சொல்லிக்கொண்டே போனாள், போகிற சத்தத்தில் சிரிப்பும் இருந்தது. "சீக்கிரம்டி ஊமச்சி," என்றான் சவுண்டு, "மெஷின் போட்டுட்டா தரையே அதிரும், அப்புறம் ஒண்ணும் எடுக்க முடியாது."

சரி. வலி. நினைத்துக்கொண்டே சொன்னால் வரும், வலியைத் தேடியா போக வேண்டும், பஸ் நிறுத்தம் போதும், பஸ்ஸின் ஜன்னலில் திரும்பிப் பார்க்காத அந்தத் தலை போதும். பீட் விழுந்தது, அவள் கண்ணை மூடினாள், பூட்டு வெளியே தொங்குது, உள்ளே ஒரு வலி இருக்கு. அவ்வளவுதான், தடங்கலே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்து பீட்டின் தலையிலேயே விழுந்தது, இத்தனை நாள் இந்த வரி இப்படி விழுந்ததே இல்லை. சவுண்டு தொடையில் தட்டினான். ஒரே டேக், அம்மாடி, ஒரே டேக்! பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கப் போனவன் நிறுத்தினான். "ஏய், இங்க வந்து பாரு."

திரையில் அவள் குரல் மேலும் கீழுமாக இரண்டு வரிசை, மேலே பழையது, கீழே இப்போது பாடியது. "கீழ பாரு, ஒரே ஓட்டம். மேல பாரு, அந்த வார்த்தை நடுவுல சின்னதா ஒரு ஓட்டை இருக்கு, வ-ன்னு சொல்லிட்டு நிக்கற, அப்புறம்தான் லி வருது. இதத்தான் தயக்கம்னாரு போல. நானும் பீட்டுக்கு லேட்டா வரேன்னு எத்தனை தடவை உன்னத் திட்டியிருக்கேன். ஏன் நின்ன?" ஏன் நின்றாள்? அவளுக்கே தெரியாது, அவள் நின்றதாகவே நினைவில்லை. வேறு பாட்டுகளையும் திறந்தான், வாழ்க்கை, மழை, அழாதே, எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே ஓட்டை, நாக்கு மடங்கப் பார்த்து, முடியாமல், சமாளித்துக்கொண்டு ல-வில் இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரம். உண்மையான ல வரும் இடத்தில் எங்கேயும் இல்லை. "அட," என்றான் சவுண்டு, "நீ ழ சொல்லலைன்னு யாரு சொன்னது, சொல்லத்தான் செய்யற, சத்தம் இல்லாம சொல்ற. ஆனா ஒண்ணு, உங்கூடவே பொறந்து வளந்தவங்களுக்குத்தான் இது காதுல விழும்."

சின்ன வயசில் கடையில் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இவள் நின்ற ஒரு சாயங்காலம், இவள் ஏதோ கேட்க, கடைக்காரர் வேறு எதையோ எடுத்து நீட்ட, அக்கா சிரித்தாள், அது இல்லண்ணே, அவ நின்னு சொன்னாள்ல, நின்னு சொன்னா ழ, பழம் கேக்கறா. வீட்டுக்கு யார் வந்தாலும் இவள் சொன்னதை அக்காதான் எடுத்துச் சொல்வாள், டாக்டரிடம் அக்காதான் சொன்னாள், ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. அத்தனை பேர் காதும் ஏமாறலாம், கம்பெனிக்காரர் காது, பச்சை குத்தியவன் காது, கார் நிறுத்துமிடத்தில் கத்திய அத்தனை காதும்... அக்கா காது?

அப்படியானால் அன்றைக்கு ஹெட்போனில் அவளுக்குச் சரியாகத்தான் விழுந்திருக்கும். வழி என்றே.

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது, அடுக்கிய துண்டுகள் லேசாக நடுங்கின, அனுப்பிடட்டுமா என்று சவுண்டு கேட்டது உதட்டசைவில் மட்டும் தெரிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு, புரிந்து, அழுது, அதன் பிறகும் வேண்டுமென்றே வலி என்று சொல்லி, தங்கை மனது நோகாமல், பையை எடுத்துக்கொண்டு... ஏன் அக்கா?