ஸ்டியரிங் பிளேட்

கடைசி இரும்பு பிளேட்டை ஜிம் சுவரில் சாய்த்துவிட்டு ஜெபசீலன் இரண்டு கைகளையும் அரைக்கால் சட்டையின் பின்பக்கம் துடைத்துக்கொண்டான். லோகநாதன் பெஞ்சில் உட்கார்ந்து பனியனைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். வெளியே தூறல் பிடித்திருந்தது. வாசலில் நின்ற சைக்கிளின் சீட்டை ஜெபசீலன் உள்ளங்கையால் வழித்து, வழித்த நீரை லோகநாதனின் முதுகில் உதறினான்.

"நாளைக்கு தோளுக்கு எடுக்கணும். வவுத்து வலி, வூட்ல விருந்தாளின்னு எதுனா கதை சொல்லாதே" என்றான். சைக்கிளில் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு மழைக்குள் போனான்.

இரும்புலியூர் திருப்பத்தில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை அவன் தாண்டும்போது தண்ணீர் லாரி ஒன்று அடித்துவிட்டது. லோகநாதனுக்கு அது தெரியாது. வீட்டுக்குப் போய்க் குளித்து, தட்டின் முன் உட்கார்ந்து முதல் வாயை எடுத்தபோது துளசிங்கம் வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"லோகு, சட்டைய போட்டுக்கினு வா" என்றார். அவர் நின்ற விதத்திலேயே லோகநாதனின் மனைவி கனகவல்லி அழத் தொடங்கிவிட்டாள். 1989-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம்.

துளசிங்கம்தான் ஜிம்மை வைத்திருந்தவர். இரும்புலியூரில் தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நெல் விளைந்த இடத்தையெல்லாம் மனை போட்டு விற்ற பிறகு, கோணலாக இருந்ததால் யாரும் வாங்காத ஒரு மூலை மிச்சமானது. அதில் தகரக் கொட்டகை போட்டு, சிமெண்டுத் தரை பூசி, இரண்டு பெஞ்சும் நான்கு ராடும் வாங்கிப் போட்டார். சுவரில் ஆஞ்சநேயர் படம். படத்துக்குக் கீழே, வருகிறவர்கள் துண்டு மாட்ட ஆணிகள். அவ்வளவுதான் ஜிம்.

அந்தக் காலத்து பிளேட்டுகள் சப்பையான இரும்பு வட்டங்கள். நடுவில் ராடு போக ஒரு துளை, விளிம்பில் பிசிறு. நிமிர்த்தி வைத்திருந்தால் தொல்லை இல்லை. சிமெண்டுத் தரையில் படுத்துவிட்டதோ, கிளப்புவது பெரும்பாடு. அடியில் விரல் நுழையாது. நகத்தால் நெம்ப வேண்டும். நெம்பி முடிப்பதற்குள் நழுவி விரலையே கடிக்கும். இருபது கிலோ பிளேட்டைத் தூக்கிப் போய் ராடில் கோக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

லோகநாதனால் அதுவும் முடியாது. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது பிரஸ் மிஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. விரல்கள் போகவில்லை, ஆனால் ஆள்காட்டி விரலும் நடு விரலும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. சாமி கும்பிட மட்டும் லாயக்கான கை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையைத் தள்ளுவதற்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. எடை உள்ளங்கையில்தான் உட்காரும். படுத்துக்கொண்டு தள்ளும் நேரத்தில் அவனும் முழு ஆள். அதற்காகத்தான் ஜிம்முக்கே வந்தான். தள்ளுவதற்கு முன்னாலும் பின்னாலும்தான் சங்கடம்.

அந்தச் சங்கடத்தை ஜெபசீலன் எடுத்துக்கொண்டான். வழக்கமாக ராடின் இரு முனைகளிலும் இரண்டு பேர் நின்று ஒரே நேரத்தில் பிளேட் கோப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் கோத்தால் ராடு ஸ்டாண்டிலிருந்து புரண்டுவிடும். லோகநாதன் தன் முனையைச் சும்மா அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஜெபசீலன் எதிர் முனையில் ஒன்றைக் கோத்துவிட்டுச் சுற்றி வந்து, இந்த முனையிலும் ஒன்றைக் கோப்பான். கேட்டதில்லை, சொன்னதில்லை. அப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிற்று.

ஜெபசீலன் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். ஒருநாள் பழைய இரும்புக் கடையில் ஒரு லாரி ஸ்டியரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவன், அதைக் கீழே வைக்காமல் வெகு நேரம் நின்றுவிட்டான். மறுநாள் ஜிம் தரையில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டான். விளிம்பை ஒட்டி மூன்று நீளத் துளைகள், முழுக் கையும் போகிற அகலத்தில். துளைகளின் ஓரம் உருண்டையாக இருக்க வேண்டும். விளிம்பு ஒரு விரல் கனம் புடைத்திருந்தால், தரையில் படுத்தாலும் அடியில் சந்து இருக்கும். லோகநாதனின் மடங்காத விரல்கள் நீட்டியபடியே துளைக்குள் போய்விடும். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிக் கவ்விக்கொள்ளும்.

துளசிங்கம் குனிந்து பார்த்தார். "இன்னாப்பா இது, பிளேட்டா ஸ்டியரிங்கா? ஆரன் எங்க வெக்கப்போற?"

"உங்க வாயில வெச்சிரலாம்ணா. நல்லா அடிக்குது."

கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து அதன் பெயர் ஸ்டியரிங் பிளேட்.

லோகநாதனும் சிரித்தான், ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியது. மற்றவர்கள் போன பிறகு கேட்டான். "நீ கீறப்போ எனுக்கு எதுக்குடா இது?"

"கூலி இல்லாம எத்தினி வருஷம்டா உனுக்கு மூட்டை தூக்கறது?" என்றான் ஜெபசீலன். பிறகு சாக்குக்கட்டித் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே சொன்னான்: "எனுக்கு நைட் ஷிப்டு வந்தா நீ இங்க வந்து செவுத்த பாத்துக்கினு குந்தினுகீறியாம். துளசி அண்ணன் சொன்னாரு. இன்னொருத்தன கேக்கவும் மாட்டேன்றே. அது நல்லால்ல மச்சான்."

மர அச்சை அவனே செய்து, பம்மலில் பக்தவச்சலத்தின் வார்ப்புப் பட்டறையில் கொடுத்தான். முதலில் மாதிரிக்கு ஒன்று வார்த்தார்கள். சரியாக இருபது கிலோ. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், வேலை முடிந்து வந்ததும் துளைகளின் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். இரண்டு துளைகள் வழவழவென்று ஆகிவிட்டன. மூன்றாவது முடிந்ததும் ஜோடியை வார்க்கச் சொல்லலாம் என்றிருந்தான். அந்த நிலையில்தான் அந்தத் தண்ணீர் லாரி வந்தது.

கல்லறைக்கு மண் போட்டுவிட்டு வந்த பிறகு லோகநாதன் சில வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் போனான். மாரி என்கிற நல்ல பையன் ஓடிவந்து இரண்டு பக்கமும் பிளேட் கோத்துக் கொடுத்தான். கோத்துவிட்டு, ஒரே ஒரு கணம், லோகநாதனின் வலது கையைப் பார்த்தான். அதில் தப்பில்லை, எல்லாரும் பார்க்கிறதுதான். ஆனால் ஜெபசீலன் பார்த்ததில்லை. லோகநாதன் ராடைத் தொடாமலே துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போவான், திரும்பி வருவான். கனகவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனுக்கும் புரிந்திருந்தது. இன்னொருவன் கையால் கோத்த எடையை இனி அவனால் தள்ள முடியாது. தானே கோக்க வேண்டுமென்றால் ஸ்டியரிங் பிளேட் வேண்டும், அதுவும் ஜோடியாக வேண்டும். இருப்பதோ ஒன்று. அதுவும் ஜெபசீலன் வீட்டில்.

ஜெபசீலனின் அம்மா செல்லம்மாவிடம் போய் அதைக் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. மகன் கடைசியாகத் தொட்டு வேலை செய்த பொருள். அக்டோபரில், ஆயுத பூஜை கழிந்த பிறகு, கொஞ்சம் பழத்தோடு போனான். பிளேட் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. வெகு நேரம் வேறு எதையெல்லாமோ பேசினான். கிழவிதான் பேச்சை வெட்டினாள்.

"அத்த பாத்துக்கினே பேசறியேப்பா. எடுத்துக்கினு போ. உனுக்குன்னுதான செஞ்சான். நா வேற கால்ல இடிச்சி இடிச்சி வெரலே வீங்கிக்கீது."

சைக்கிள் கேரியரில் சாக்கு போட்டுக் கட்டி, பம்மலுக்குக் கொண்டுபோனான். பக்தவச்சலம் பிளேட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவும்போது, யாரும் கேட்டு வராத மர அச்சுகளை உலைக்குப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். ஜெபசீலனின் அச்சும் அப்படித்தான் போயிருந்தது. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் இருந்திருக்கும்.

லோகநாதன் பிளேட்டின் துளை ஓரத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு, இந்த பிளேட்டையே அச்சாக மணலில் பதித்து இன்னொன்று வார்த்துவிடலாமே என்றான். பக்தவச்சலம் தலையைச் சொறிந்தார். உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும், அதற்காகத்தான் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வது, பிளேட்டையே அச்சாக வைத்தால் பிறப்பது சின்னதாகத்தான் பிறக்கும், எடையும் குறையும் என்று விளக்கினார். புதிதாக அச்சு செய்து, இரண்டையும் புதிதாகவே வார்த்துத் தருகிறேன் என்றார். லோகநாதனுக்கு அதில் பாதிகூடக் காதில் ஏறவில்லை. இதையே பதியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடுத்த வாரம் போனபோது புது பிளேட் மணல் வாடையோடு காத்திருந்தது. இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் வித்தியாசம் தெரிந்தது, மெல்லிய கோடுபோல. வழவழப்பான இரண்டு துளைகளும், ராவாமல் விட்ட மூன்றாவது துளையின் சொரசொரப்பும் அப்படியே பதிந்து வந்திருந்தன. தராசில் வைத்தார்கள். பழையது இருபது. புதியது பத்தொன்பது கிலோ நானூறு.

"ஒண்ணும் பேஜார் இல்ல" என்றார் பக்தவச்சலம். "மூணாவது ஓட்டை எப்படியும் சொரசொரன்னுதான கீது. பழசை கிரைண்டர்ல உரசினா ரெண்டும் ஒரே வெயிட்டாயிடும். ஒரு பத்து நிமிஷம்." சொல்லிக்கொண்டே கிரைண்டரைப் போட்டுவிட்டார். கல் சுழலத் தொடங்கியது. பழைய பிளேட்டை அவர் தூக்கப் போகும்போது லோகநாதன் அதன் துளைக்குள் வலது கையை விட்டுப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையால் அவன் ஒரு பிளேட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வேணாம்ணா."

"சரி, அத வுடு. புதுசுல ஓட்டை போட்டு ஈயம் ஊத்திடலாம். அறநூறு கிராம்தான?"

லோகநாதன் யோசித்தான். சரியாகத்தான் இருக்கும். ஊற்றி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஜோடி ஜோடியாக இருக்கும். ஆனால் ஒன்றும் குறையவில்லை என்று சொல்வதுபோல் இருக்கும் அது. அவன் தலையை ஆட்டினான்.

"கொறஞ்சது கொறஞ்சதாவே இருக்கட்டும்ணா."

பக்தவச்சலம் அவன் முகத்தைப் பார்த்தார். கிரைண்டரை நிறுத்தினார்.

மறுநாள் மத்தியானம், யாரும் வராத நேரமாகப் பார்த்து, துளசிங்கத்திடம் சாவி வாங்கிக் கொட்டகையைத் திறந்தான். தகரம் காய்ந்து உள்ளே அனல். ராடின் ஒரு முனையைக் கயிற்றால் பெஞ்சின் காலோடு கட்டினான். பிடித்துக்கொள்ள ஆள் இல்லையே. பழைய பிளேட்டைத் தரையில் வேண்டுமென்றே படுக்கப் போட்டான். துளைக்குள் கையை விட்டான். மடங்காத விரல்கள் மறுபக்கம் எட்டிப் பார்த்தன, மற்ற இரண்டும் கவ்வின. பிளேட் எழுந்து வந்தது. முனங்கலும் இல்லை, நெம்பலும் இல்லை, இப்படி லேசாக வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. ராடில் கோத்துவிட்டு, பழக்கத்தில் எதிர் முனையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தானே சுற்றிப் போய், கயிற்றை அவிழ்த்து ஒரு கையால் ராடை அழுத்திக்கொண்டு, மறு கையால் புதியதையும் கோத்தான்.

பெஞ்சில் படுத்தான். ராடு இறங்கும்போது பழைய பிளேட் இருந்த பக்கம் கொஞ்சம் முந்திக்கொண்டது. எட்டு தடவை தள்ளினான். வழக்கமாக ஜெபசீலன்தான் எண்ணுவான். எட்டு வந்ததும், "ஏழு" என்று பொய் சொல்லி இன்னொன்று வாங்குவான். அன்றைக்கு எட்டு எட்டாகவே முடிந்தது. ராடை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். ஜெபசீலன் செய்ததில் ஒரு குறையும் இல்லை. யாரையும் கேட்காமல் வந்து, யாரும் இல்லாமல் தூக்கி, யாரிடமும் சொல்லாமல் போகலாம். அதைத்தான் அவன் செய்து கொடுத்திருந்தான். லோகநாதன் அன்றைக்குத்தான், அவன் செத்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதான்.

அதற்குப் பிறகு தினமும் போனான். ஆட்கள் இருக்கும் நேரத்திலும் போனான். மாரி உதவிக்கு எழுந்தால், வேண்டாமென்று கையைக் காட்டுவான்; நாளடைவில் மாரி எழுவதை விட்டுவிட்டான். மற்றவர்களும் அந்த ஜோடியைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் அதைத் தூக்கிப் பார்த்த இரண்டொருவர் ராடு ஒரு பக்கம் இழுக்கிறது என்று குறை சொன்னார்கள். துளசிங்கம், "புடிக்கலன்னா பழைய பிளேட்ட நெம்பு, நகம் பேந்துகினு போவட்டும்" என்று அடக்கிவிட்டார்.

தொண்ணூற்றாறில் துளசிங்கம் கொட்டகையை இடித்துவிட்டு மாடியோடு கட்டினார். கண்ணாடி வந்தது, மிஷின்கள் வந்தன, வடக்கிலிருந்து புதுசாக ரப்பர் உறை போட்ட பிளேட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பிடித் துளைகள். வருகிற பிள்ளைகள் அவற்றைத் தூக்குவதும் வைப்பதும் ஒரு விஷயமே இல்லை என்பதுபோல் கையாண்டார்கள். லோகநாதன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் மூலைக்குப் போனான்.

புதிய ஜிம்மில் ஒரு எலெக்ட்ரானிக் தராசும் இருந்தது. ஆட்கள் குறைந்த ஒரு சாயங்காலம் அவன் தன் இரண்டு பிளேட்டுகளையும் ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்தான். பழையது இருபது. மற்றது அப்போதும் பத்தொன்பது கிலோ நானூறு கிராம்.