படம் வேகும் நேரம்

பக்கத்து வீட்டு வரைபடக்காரருக்கு ஆபீசிலிருந்து புது லேப்டாப் வந்ததில் முதலில் பயந்தது நான்தான். எங்கள் இரண்டு பால்கனிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். ஐந்து வருடமாகத் தினமும் பதினொரு மணிக்கு அவருடைய பழைய லேப்டாப்பின் விசிறி மிக்சி மாதிரி இரையத் தொடங்கும். கோடுகளாக வரைந்த கட்டடத்தை அது நிழலும் வெளிச்சமுமாக முழுப் படமாக்க நாற்பது நிமிடம் பிடிக்கும். அதுவரை எதையும் தொடக்கூடாது. "படம் வேகுது" என்று அறிவித்துவிட்டு வெளியே வருவார். பின்னாலேயே மனைவி, கையில் டீ. மதியம் அவள் பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்த் திரும்பும்போது இவர் மறுபடி திரைக்குள் விழுந்து கிடப்பார். ஆக, புருஷன் பெண்டாட்டிப் பேச்செல்லாம் அந்த நாற்பது நிமிடத்தில்தான். துணி காயப்போடும் சாக்கில் நானும் ஆஜர். அவர்கள் முதலில் குடியிருந்த ஒற்றை அறை, மழைக்கு ஒழுகிய மூலை, அவள் அக்காவிடம் இவர் வாங்கிய திட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம்.

புதியதில் விசிறியே கிடையாது. உள்ளே இருக்கும் ப்ராசசர் வேறு ரகமாம். அவருடைய மென்பொருள் அதில் நேராக ஓடாமல், நடுவில் எதுவோ ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துக் கொடுக்க, நாற்பது நிமிடம் ஒன்றரை மணி நேரமானது.

"வேகம் வேகம்னு சொல்லித் தலையில கட்டிட்டானுங்க! கையாலயே வரைஞ்சு முடிச்சுடுவேன் போல" என்று பால்கனியில் குதித்தார்.

"மெதுவா குதிங்க, கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துடப்போறாங்க" என்றாள் மனைவி.

திட்டுவதெல்லாம் அவர், முகத்தில் களை கட்டியது அவளுக்கு. மூன்று வாரம் இரண்டாவது டீ கூடப் போட்டாள்.

பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் ஒட்டுக்கேட்ட பாவம் எனக்கு இல்லை.

"சார், அந்த ப்ராசசருக்குன்னே புது வெர்ஷன் வந்துடுச்சு. இங்கேருந்தே ஏத்திடறேன். ஒரு மணி நேரம் தொடாதீங்க. அப்புறம் பாருங்க, உங்க படம் நாலே நிமிஷம்!"

"அப்பாடா! இனிமே இங்க வந்து தவம் கெடக்க வேண்டாம்."

"நாலு நிமிஷத்துல டீ கூட ஆறாதே" என்றாள்.

"உள்ளயே குடுத்துடு, குடிச்சுக்கறேன்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒற்றை அறைக் கதையை எடுத்தாள். பத்து நிமிடக் கதை. அன்றைக்கு நீட்டினாள் பாருங்கள், ஐந்து வருடத்தில் நானே கேட்டிராத கிளைகளெல்லாம் முளைத்தன.

"ஒழுகுற எடத்துல ஒரு பக்கெட் வெச்சோமே, என்ன கலருங்க அது?"

"நீலம்."

"செவப்பு."

"நீலம்டி! நான்தானே ராத்திரியெல்லாம் எந்திரிச்சு ஊத்தினேன்."

"நீங்களா? குறட்டை விட்டது யாராம் அப்போ?"

அவர் சிரித்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்து சிரித்தார். நான் காய்ந்த துண்டையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தேன்.

உள்ளே லேப்டாப் 'டிங்' என்றது.

அவர் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார்.

"இருங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். "அன்னிக்கு விடிகாலைல ஒருத்தர் கதவத் தட்டினாரே, அத இன்னும் சொல்லவே இல்ல. போய்த் திறந்தது யாரு? நீங்களா, நானா? சொல்லுங்க பாப்போம்."

அவர் அறைக்குள் ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, உட்காரவும் இல்லாமல் நிமிரவும் இல்லாமல் நின்றபடி, யோசிக்க ஆரம்பித்தார்.