முழங்காலில் செம்மண்

"சுடு."

கீழே முற்றத்திலிருந்து டெபுடி ஜெயிலர் ஓஸ்வால்டின் குரல் வந்தது. காவல் மேடையில் நின்ற வார்டர் ஆம்ப்ரோஸ் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். குறியின் நுனியில் கைதி சிரிலின் முதுகு.

விறகுக் குவியல் மேல் ஏறி மதில் உச்சிக்குப் போய்விட்டான் சிரில். ஒரு கால் சிறைக்குள், ஒரு கால் வெளியே. வெளிச் சாலையில் பேண்டு வாத்தியமும் ஜெப முழக்கமும். செப்டம்பர் எட்டு, மாதாவின் தேர் பெங்களூர் கன்டோன்மென்ட் தெருக்களைச் சுற்றி வரும் நாள். மழை ஓய்ந்த அந்தி.

"சிரில், சுடப் போறேன், எறங்கு" என்றான் ஆம்ப்ரோஸ். சுடுமுன் எச்சரிக்க வேண்டும், அது சட்டம்.

சிரில் திரும்பவில்லை. "ஒரு நிமிஷம், அண்ணே. எம் பொண்ணு ஜோசஃபின் வர்றா. வெள்ளை கவுன் போட்டிருக்கா."

அவன் தலையில் கைதித் தொப்பி இல்லை. கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஓடப் போகிறவன் தொப்பியைக் கழற்றுவானா? ஆம்ப்ரோஸின் விரல் விசையில் உறைந்தது.

ஓஸ்வால்ட் மறுபடி கத்தினார். அதே நேரம் தேரின் உச்சி மதிலுக்கு மேலே தெரிந்தது. மாதாவின் கிரீடம், பூமாலை, விளக்குகள். ஆம்ப்ரோஸ் துப்பாக்கியைத் தாழ்த்தினான். தேர் நகர்ந்தது. சிரில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு ஏறிய வழியே இறங்கி, கைகளை நீட்டிக்கொண்டு நின்றான்.

அரைமணியில் விசாரணை. சூப்பிரண்டெண்ட் வெங்கடராமனின் மேஜைக்கு முன்னால் மூவரும் நின்றார்கள். ஓஸ்வால்ட் படபடவென்று சொல்லி முடித்தார்: இரண்டு முறை உத்தரவு, இரண்டு முறையும் கீழ்ப்படியவில்லை. இவனும் கிறிஸ்தவன், அவனும் கிறிஸ்தவன், அதனால்தான் விட்டுவிட்டான். வேலையை விட்டு நீக்க வேண்டும்.

நீக்கினால் இன்றைக்கே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் மனைவி பிரிஜெட்டுக்கு நிறைமாதம்.

வெங்கடராமன் அவனைப் பார்த்தார். மேலதிகாரி எதிரில் இருக்கும்போது அவர் உத்தரவில்லாமல் சுடக்கூடாது என்பது சரி, உத்தரவு வந்தபின் ஏன் சுடவில்லை என்று கேட்டார்.

"வேற வழியே இல்லைன்னாதான் சுடணும்னு சொல்லிக் குடுத்தீங்க, சார். அவன் குதிக்கல. நம்ம பக்கத்துக் காலை எடுக்கவேயில்ல."

"குதிச்சிருந்தா?"

"சுட்டிருப்பேன், சார். ஆனா அந்தப் பக்கம் அவ்வளவு கொழந்தைங்க. எப்படிச் சுட்டிருப்பேன்னு தெரியல."

ஓஸ்வால்ட் ஏளனமாகச் சிரித்தார். அவர் உத்தரவு கொடுத்தபின் கீழே என்ன நடந்தது என்பது ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். மேடையிலிருந்து எல்லாம் பார்த்தவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தரையைப் பார்த்து நின்றான்.

வெங்கடராமனும் தரையைத்தான் பார்த்தார். அங்கிருந்து அவர் கண் ஓஸ்வால்டின் காக்கிக் கால்சராய் மேல் ஏறி நின்றது.

"ஓஸ்வால்ட், ரெண்டு முழங்கால்லயும் என்ன செம்மண்ணு?"

ஓஸ்வால்டின் காது சிவந்தது. வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"தேர் போச்சு, சார். சின்ன வயசுலேர்ந்து பழக்கம். கால் தானா மடங்கிடுச்சு."

"தொப்பி?"

"கழட்டிட்டேன்."

"கைதி மதில் மேல இருக்கறச்சே?"



வெங்கடராமன் நிதானமாகப் பேசினார். சுடுவதைத் தவிர வேறு வழியே இல்லாத நேரம் என்றால் எந்த அதிகாரியும் கைதிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி மண்டியிட மாட்டார். மண்டியிட அவகாசம் இருந்ததென்றால், விறகுக் குவியலுக்கு நான்கு வார்டர்களை அனுப்பவும் அவகாசம் இருந்தது. ஆகவே அந்த உத்தரவே தப்பு. தப்பான உத்தரவுக்குக் கீழ்ப்படியாததற்குத் தண்டனை கிடையாது. சிரிலுக்கு மட்டும், நன்னடத்தைக்குக் கிடைத்த தண்டனைக் கழிவு ரத்து.

வராந்தாவில் ஓஸ்வால்ட் ஆம்ப்ரோஸை நிறுத்தினார். "நீதான் பாத்தியே. ஏன்டா சொல்லல?"

"மாதாவுக்கு மண்டி போட்டதைப் போய் எப்படி சார் கோள் சொல்றது?"

ஓஸ்வால்ட் குனிந்து முழங்காலைத் தட்டிவிட்டார். ஈர மண் போகவில்லை. பூட்டுவதற்காகச் சிரிலை நடத்திக்கொண்டு போனார்கள், ஓஸ்வால்டும் கூடவே நடந்தார்.

"எந்தப் பொண்ணுடா உன்னுது?" என்று கேட்டார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"மெழுகுவத்தி அணைஞ்சு போச்சுன்னு அழுதுக்கிட்டே போனா சார், அவதான்."