பின்சக்கரத்து பிரேக் பைப்

ராமலிங்கத்தின் லாரிக்கு டிஸ்க் பிரேக் மாட்டியபோது ஆம்பூரில் நாலு நாள் ஜெபசீலனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டம் வந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த கிழட்டு வண்டி அது. டிஸ்க் வந்தது, மெட்ராஸ் புதுப்பேட்டையில் உடைத்துப்போட்ட ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து. எண்பத்து நாலாம் வருஷம் அந்தப் பக்கத்தில் லாரியில் டிஸ்க் பிரேக்கை யார் பார்த்திருந்தார்கள்? வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஜெபசீலனுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

பழைய டிரம் பிரேக்கைவிட டிஸ்க்குக்கு அழுத்தம் ஜாஸ்தி வேண்டும். அதற்காகப் பூஸ்டர் வைத்தான். முன்பக்கத்து பிரேக் பைப்புகளை எல்லாம் புதிதாக வளைத்துப் போட்டான். பின்சக்கரத்துக்குப் போகும் பைப் மட்டும் பழசு. அந்த லாரி ஏற்றுவது உப்புப் போட்ட பச்சைத் தோல். அதிலிருந்து வடிகிற தண்ணீர் சேசிஸில் இறங்கி இரும்பைத் தின்றுவிடும். தோல் வண்டிக்கு வருஷம் ஒருமுறை பைப் மாற்றுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவனே இவன்தான்.

அந்தப் பைப்பின்மேல் கொழுப்பும் உப்பும் மயிரும் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. சுரண்டிப் பார்த்திருந்தால் உள்ளே இரும்பு அரித்துப்போனது தெரிந்திருக்கும். ஆனால் பக்ரீத் முடிந்து இரண்டே நாள். மண்டிகளில் தோல் மலையாகக் குவிந்து நாறிக்கொண்டிருந்தது. ராமலிங்கம் வண்டியை விடு, விடு என்று தலைமேல் நின்றார். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஜெபசீலன் வண்டியை விட்டுவிட்டான். அவர் அவசரப்படுத்தினார் என்பது உண்மைதான்; ஸ்பேனர் இருந்தது இவன் கையில்.

வண்டியை ஓட்டியது ரஃபி அகமது. ஜெபசீலனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். இருபது வருஷ ஓட்டத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வான்; அது பொய்யுமில்லை. மூன்றாம் நாள் லோடோடு பேரணாம்பட்டு மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. கடைசி வளைவில் ஜெயம்மாள் என்கிற கூலிக்காரி விறகுக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். லாரி அவளை அடித்துவிட்டுப் புளியமரத்தில் மோதி நின்றது. அவள் அங்கேயே போய்விட்டாள். ரஃபிக்குத் தோள் எலும்பு முறிந்தது.

பெடல் உள்ளே போய்விட்டது, பெடல் உள்ளே போய்விட்டது என்று ஸ்டேஷனில் ரஃபி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் ராமலிங்கம் ஜெபசீலனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். ஜெபசீலன் லாரிக்கடியில் படுத்துப் பார்த்தான். பின் ஆக்சிலுக்கு மேலே பைப் வெடித்து, ஒரு துவரம்பருப்பு நுழையும் அளவுக்கு ஓட்டை.

"மாத்திடு," என்றார் ராமலிங்கம். "காலைல பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு. இத பாத்தார்னா எனக்கு பர்மிட் போவும். நீ உள்ள போவ."

காவலுக்கு இருந்த போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். எப்படிப் போனார் என்று நாம் கேட்க வேண்டாம். ஜெபசீலன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்திருந்த புதுப் பைப்பை வளைத்து மாட்டினான். ராமலிங்கம் ஏறி உட்கார்ந்து பெடலை மிதிக்க, இவன் கீழே படுத்து பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுத்தான். பிறகு சேசிஸிலிருந்து பழைய கொழுப்பையும் உப்பையும் வழித்து, பளபளவென்றிருந்த பைப்பின்மேல் பூசினான். மூன்று வருஷத்துப் பைப் மாதிரியே ஆகிவிட்டது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எந்த வேலையும் செய்ததில்லை. வெடித்த பைப்பை வழியில் ஒரு பாழுங்கிணற்றில் போட்டார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், சோறு போடுகிறவன் தொழில் தெரிந்தவனாக இருந்தால். இன்ஸ்பெக்டர் மிதித்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஜாமீனில் வந்த ரஃபி, கையைத் துணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தான். ராமலிங்கம் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"யார் இன்னா எழுதினா எனக்கு இன்னா? நீ சொல்லு ஜெபா. பிரேக் சரியா இருந்துச்சா?"

ஜெபசீலன் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "சரியாத்தான் இருந்துச்சு," என்றான்.

ரஃபி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு நாளா தூங்கல," என்றான் மெதுவாக. "அப்ப நான் பிரேக்குனு நெனச்சு கிளட்ச்ச மிதிச்சிருக்கேன்."

அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான். கோர்ட்டிலும் அதையே சொல்லிக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒன்றரை வருஷம் போட்டார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது யாருக்கோ சொன்னது. இங்கே தின்றவன் ஒருவன், குடித்தவன் இன்னொருவன்.

ஜெபசீலனுக்கு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது. நாலு மாதம் கழித்து மனைவி ஆக்னஸிடம் சொன்னான். நர்ஸ் வேலை பார்க்கிறவள், அழவில்லை, திட்டவில்லை. போய் ரஃபியிடம் சொல்லுங்கள் என்றாள். அதற்கப்புறம் அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

வேலூர் ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கப் போனான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ரஃபி பாதியாகியிருந்தான். ஜெபசீலன் ஒன்றையும் விடாமல் சொன்னான்: பழைய பைப், துவரம்பருப்பு ஓட்டை, கொழுப்பைப் பூசியது, கிணறு. சொல்லி முடித்துவிட்டு, இனி அவன் காறித் துப்பட்டும் என்று நின்றான்.

ரஃபி சிரித்தான். பழைய சிரிப்பு.

"என் பாரத்துல பாதிய தூக்க வந்தியா? வேணாம் தோஸ்த்."

"நிஜமா சொல்றேன் ரஃபி. பைப்புதான். நீ மிதிச்சது பிரேக்தான்."

"அன்னைக்கே கேட்டனே, நீ சொன்னியே. நீ எங்கிட்ட பொய் சொல்ற ஆளா?"

ஜெபசீலன் தன் இரண்டு பெண்பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தான். ரஃபியின் முகம் மாறியது.

"புள்ளைங்க மேல பொய் சத்தியம் பண்ணாத ஜெபா. எனக்காகக்கூட பண்ணாத. அந்தம்மா முகத்த பாத்தவன் நான். என் கால்தான். அஞ்சு வேளையும் அவங்களுக்காக துவா கேக்கறேன், இப்பதான் கொஞ்சம் தூக்கம் வருது. அத கெடுக்காத."

வார்டர் நேரமாகிவிட்டது என்றார். வெளியே வந்தாலும் இனி ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை என்று நசீமுன்னிசாவிடம் சொல்லிவிடச் சொன்னான் ரஃபி. அவள் அவன் மனைவி. ஆக்னஸ் அக்காவைக் கேட்டதாகச் சொல் என்றும் சொன்னான். பிறகு உள்ளே போய்விட்டான்.

ஜெபசீலன் ரோட்டுக்கு வந்து நின்றான். ரஃபி நம்பவில்லை, போலீஸ் நம்பலாமே. ராமலிங்கம் இருக்கிறார், கிணறு இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டால் யாரும் காட்டுவார்கள். எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் ரஃபி தலையை ஆட்டி மறுத்த அந்த நிமிஷத்தில் தன் நெஞ்சுக்குள் வந்தது துக்கமில்லை, நிம்மதி என்பதும் தெரிந்திருந்தது. நாலு மாதமாகத் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் தான் எப்பேர்ப்பட்டவன் என்று பார்த்தான். இனி எந்த ஜெபமும் எட்டாது என்று தோன்றியது.

ஆம்பூர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, டிக்கெட் வாங்கினான்.